கர்ப்பப்பை ஆபரேஷன்: அவள் சொன்னதை யார் கேட்டார்கள்?

தையல் பிரித்து வீடு திரும்பிய பெண்ணுக்குப் பத்தாம் நாள் வாக்கில் உள்ளாடை நனைகிறது. வெள்ளைப்படுதல் என்று நினைத்துக்கொள்கிறாள். மறுநாள் பாவாடை நனைகிறது. அடுத்த நாள் பாய். தும்மவில்லை, இருமவில்லை, சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற உணர்வும் வரவில்லை. ஆனாலும் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்கிறாள். மணிக்கொருமுறை மாற்றியும் வாடை போகவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறாள், பஸ்ஸில் உட்காருவதை நிறுத்துகிறாள், புருஷனோடு ஒரே அறையில் படுப்பதையும் நிறுத்துகிறாள். ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போன் போட்டால், “உள்ளே புண் ஆறணும்மா, கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

அது அப்படித்தான் இருக்கக் கூடாது. கர்ப்பப்பையை அகற்றிய பெண்ணுக்குத் தன்னையறியாமல் நீர் கசிந்தால், சிறுநீர்ப்பையிலோ சிறுநீரகக் குழாயிலோ துளை விழுந்திருக்கிறது என்று சந்தேகித்து உடனே சோதிக்க வேண்டும். ஃபிஸ்டுலா என்று டாக்டர்கள் சொல்லும் இந்தத் துளையைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். “அப்படித்தான் இருக்கும்” என்ற பதிலில் கழியும் ஒவ்வொரு வாரமும் அதைச் சிக்கலாக்குகிறது.

இப்படிப் பாதிக்கப்பட்ட பெண்ணும் அவள் வீட்டாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இது டாக்டர் செய்த தப்பா, எங்கள் தலைவிதியா? கோபத்தில் ‘எல்லாம் டாக்டர் தப்பு’ என்பதும், ஓய்ந்துபோய் ‘எல்லாம் விதி’ என்பதும் அவளுக்கு நியாயம் தேடித் தராது. ஆபரேஷனுக்கு முன்பும் ஆபரேஷனுக்குப் பின்பும் அந்தப் பெண்ணின் வார்த்தைக்கு அந்த இடத்தில் என்ன மதிப்பு கொடுத்தார்கள் என்று பார்த்தால், இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கத்தி போகும் இடம்

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். இடுப்புக்குள் இறங்கும்போது கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிக்கு அடியில் குறுக்காகச் செல்கிறது. அந்த இடத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் இடையே இருப்பது இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். கர்ப்பப்பையை எடுக்க வேண்டுமானால் அந்தத் தமனியைப் பிடித்துக் கட்டி வெட்டியே ஆக வேண்டும். முன்பக்கம் ஒட்டியபடி இருக்கும் சிறுநீர்ப்பையைப் பிரித்துக் கீழே தள்ள வேண்டும். பின்பக்கம் மலக்குடல்.

முன்பே இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்குச் சிறுநீர்ப்பை தழும்போடு ஒட்டிக்கிடக்கும். பெரிய ஃபைப்ராய்டு கட்டி இருந்தால் குழாய் இடம் மாறியிருக்கும். எண்டோமெட்ரியோசிஸ் முற்றியவர்களுக்கு எது எது என்று பிரித்தறிவதே கடினம். கை தேர்ந்த டாக்டருக்கும் இங்கே காயம் நேர்ந்துவிடலாம். நூறு ஆபரேஷனில் ஒன்று என்ற அளவிலோ அதற்குக் குறைவாகவோ இந்தக் குழாய்க்குக் காயம் ஏற்படுவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வயிற்றைத் திறந்து செய்தாலும், கீழ்வழியாகச் செய்தாலும், லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தாலும் ஆபத்து முழுவதுமாக நீங்குவதில்லை.

ஆபத்தான சங்கதி என்னவென்றால், குழாய்க்கு ஏற்படும் காயங்களில் பெரும்பகுதி ஆபரேஷன் மேசையில் கண்ணில் படுவதில்லை. தையலில் குழாய் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால் சிறுநீர் மேலே தேங்கி, சிறுநீரகம் வீங்கும். சில பெண்களுக்கு விலாவில் கடும் வலியும் காய்ச்சலும் வரும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு பக்கச் சிறுநீரகம் சத்தமில்லாமல் செயலிழந்து, பல மாதங்கள் கழித்து வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் அகப்படும். வெப்பக் கருவி பட்டுக் குழாய் கருகியிருந்தால், சில நாள் கழித்து அந்த இடம் உதிர்ந்து துளையாகும். பத்தாம் நாள், பன்னிரண்டாம் நாள் கசிவு தொடங்குவது இதனால்தான்.

கண்டுபிடிக்கும் சோதனை எளிது. சிறுநீர்ப்பைக்குள் நீல மருந்து கலந்த நீரைச் செலுத்தி, பிறப்புறுப்புப் பாதையில் மூன்று பஞ்சுத் துண்டுகளை வைத்து, பெண்ணைக் கொஞ்ச நேரம் நடக்கச் சொல்வார்கள். பஞ்சு நீலமானால் துளை சிறுநீர்ப்பையில். மேல் பஞ்சு நனைந்து, நிறம் மாறாமல் இருந்தால் சிறுநீரகக் குழாயில். பிறகு ஸ்கேன் எடுத்து உறுதிசெய்வார்கள். சிறு துளையானால் சில வாரம் சிறுநீர் டியூப் போட்டு வைத்தாலே மூடிக்கொள்வதுண்டு. இல்லையென்றால் துளையை அடைக்க ஓர் ஆபரேஷன், அல்லது குழாயைச் சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்த ஓர் ஆபரேஷன்.

சிக்கலா, அலட்சியமா?

காயம் நேர்ந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்து எந்த நீதிமன்றமும் டாக்டரைக் குற்றவாளி ஆக்காது. அதே துறையில் நியாயமான திறமையுள்ள ஒரு டாக்டர் எடுத்திருக்கக்கூடிய கவனத்தை இவர் எடுத்தாரா என்பதுதான் அளவுகோல். 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. குற்ற வழக்கு தொடர வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும் என்றும், வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெறாமல் வழக்கை நகர்த்தக் கூடாது என்றும் சொன்னது. கடினமான கேஸைத் தொட டாக்டர்கள் பயப்படும் நிலை வந்தால் அதில் சாவது நோயாளிதான். இந்தப் பாதுகாப்பு தேவையானது.

ஆனால், இந்தப் பாதுகாப்புக்குள் அடங்காதவை பல இருக்கின்றன. வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்துவிட்டால் அதற்குச் சமாதானம் கிடையாது. 1963இல் ஔரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றில் துணி விடுபட்டு, அவர் இறந்துபோனார். 1996இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில், நடந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி என்று ஏற்று, அரசைப் பொறுப்பாக்கியது. தீர்ப்பு வர 33 ஆண்டுகள் ஆயின.

அதேபோல, ஆபரேஷனுக்குப் பிறகு காய்ச்சல், விலா வலி, வயிறு உப்புசம், கசிவு என்று ஒரு பெண் திரும்பத் திரும்பச் சொல்லியும் ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினால், அதை ‘எதிர்பாராத சிக்கல்’ என்ற பெயரில் மூடிவிட முடியாது. குழாயில் காயம் நேர்ந்தது எதிர்பாராததாக இருக்கலாம். காயத்தைத் தேடிப் பார்க்காமல் விட்டது ஒருவர் எடுத்த முடிவு. கர்ப்பப்பை ஆபரேஷன் வழக்குகளில் முதலில் தேட வேண்டியது இந்த இடைவெளியைத்தான்: அவள் என்று சொன்னாள், அவர்கள் என்று சோதித்தார்கள்?

எடுத்தே ஆக வேண்டுமா?

இந்தக் கேள்வி ஆபரேஷன் தியேட்டருக்கு வெகு முன்னால் கேட்கப்பட வேண்டியது. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களிடம் முதல் முறையாகக் கர்ப்பப்பை அகற்றல் பற்றிக் கேட்டது. நாடு முழுவதும் 3.2 சதவீதம். ஆந்திராவில் 8.9, தெலங்கானாவில் 7.7, பீகாரில் 5.4 சதவீதம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பாதிக்கும் மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு, வலி. அதில் பெரும்பகுதியை மருந்தாலும் சிறு சிகிச்சைகளாலும் கட்டுப்படுத்த முடியும்.

புற்றுநோய்க்காகவோ, நிற்காத பிரசவ ரத்தப்போக்குக்காகவோ, முற்றிய அடி இறக்கத்துக்காகவோ கர்ப்பப்பையை எடுப்பது உயிரையும் வாழ்வையும் காக்கும் சிகிச்சை. அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் நடப்பது என்ன? வெள்ளைப்படுதல் என்று போனவளுக்கு ஒரு ஸ்கேன். “கட்டி இருக்கு, விட்டா கேன்சரா மாறிடும்.” கூட வந்தவர், “பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு?” என்கிறார். இன்ஷூரன்ஸ் அட்டை இருக்கிறதா என்ற கேள்வி அடுத்து வருகிறது. அங்கேயே தேதி குறித்தாகிவிடுகிறது. ஃபைப்ராய்டு கட்டிகள் மிகமிகப் பெரும்பாலும் சாதுவானவை என்பதும், மாதவிடாய் நின்றதும் சுருங்கும் இயல்புள்ளவை என்பதும் அந்த அறையில் பேசப்படுவதில்லை.

இதன் கொடிய முகத்தை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் பார்க்கலாம். கரும்பு வெட்டப் போகும் புருஷன் பெண்டாட்டி இருவரையும் சேர்த்து ஓர் ‘அரிவாள்’ என்று கணக்கிட்டு மேஸ்திரி முன்பணம் கொடுக்கிறார். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். வயல்காட்டில் கழிப்பறை இல்லை, குளிக்கத் தண்ணீர் இல்லை. மாதவிலக்கே கூலியைத் தின்னும் சுமையாகிவிட்ட நிலையில், ‘எடுத்துவிட்டால் நிம்மதி’ என்ற பேச்சு எடுபட்டது. விஷயம் வெளியே வந்ததும் 2019இல் நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு குழு அமைத்தது. விசாரிக்கப்பட்ட 82,309 கரும்பு வெட்டும் பெண்களில் 13,861 பேர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். ஆறில் ஒருவர். கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டு, அந்தக் கடனை அடைக்க மறுபடி கரும்புக் கட்டைத் தூக்கப் போனவர்கள் அவர்கள். தூக்க முடியாமல் முதுகுவலியோடும் மூட்டுவலியோடும் திரும்பியவர்களும் அவர்களே.

பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் நடந்த தேவையற்ற ஆபரேஷன்களைக் குறித்து டாக்டர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் மருத்துவச் செலவு தந்த மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டம், சில தனியார் மருத்துவமனைகளுக்குக் கறவையாகிப் போனது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சமூகப் பெண்கள். பத்தாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 5 அன்று தீர்ப்பு வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும். தேவையில்லாமலோ ஒப்புதல் பெறாமலோ கர்ப்பப்பையை எடுத்தது தெரிந்தால் அந்த மருத்துவமனையைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மாவட்டம், மாநிலம், தேசம் என மூன்று நிலைகளில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும் என்றும், 40 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நடக்கும் ஆபரேஷன்களைத் தனியே ஆராய வேண்டும் என்றும் அந்த நெறிகள் சொல்கின்றன.

கையெழுத்து யாருடையது?

1995 மே மாதம். டெல்லியில் 44 வயது, திருமணமாகாத பெண் ஒருவர் நிற்காத உதிரப்போக்குக்காக ஒரு மருத்துவமனைக்குப் போகிறார். மயக்க மருந்து கொடுத்து, லேப்ராஸ்கோப்பி மூலம் உள்ளே பார்த்துக் காரணத்தைக் கண்டறியலாம் என்கிறார்கள். அதற்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிறார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது உதவி டாக்டர் வெளியே வந்து, அங்கே உட்கார்ந்திருந்த வயதான தாயிடம் சம்மதம் கேட்கிறார். தாய் சம்மதிக்கிறார். கண்விழித்தபோது அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பப்பையும் இல்லை, இரண்டு சினைப்பைகளும் இல்லை.

சமீரா கோலி வழக்கு என்று சட்ட உலகம் அறிந்த இந்த வழக்கை தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளுபடி செய்தது. 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. நோயைக் கண்டறியக் கொடுத்த சம்மதம் உறுப்பை எடுக்கக் கொடுத்த சம்மதம் ஆகாது. வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய ஒரு பெண்ணுக்காக அவர் தாய் கையெழுத்திட முடியாது. உடனே எடுக்காவிட்டால் உயிர் போகும் என்ற நிலை அங்கே இல்லை. கண் விழிக்கும்வரை காத்திருந்து கேட்டிருக்க வேண்டும். என்ன சிகிச்சை, எதற்காக, வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் எவை, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையெல்லாம் சொன்ன பிறகு பெறும் சம்மதம்தான் சம்மதம் என்றது நீதிமன்றம். டாக்டர் நல்லெண்ணத்தோடுதான் செய்தார் என்று கருதி இழப்பீட்டை 25,000 ரூபாயோடு நிறுத்திக்கொண்டது. அந்த ஆபரேஷனுக்குக் கட்டணம் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்றும் சொன்னது.

தொகை சிறிது. ஆனால் தீர்ப்பு தரும் உரிமை பெரிது. நம் ஊர் மருத்துவமனைகளில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கான படிவம் இன்றும் பெரும்பாலும் புருஷன் கைக்கோ அண்ணன் கைக்கோதான் போகிறது. அவளிடம் வரும்போது, ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் பெருக்கல் குறி போட்ட இடம் ஒன்றுதான் காட்டப்படுகிறது. நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல், கையில் ஊசி குத்தி, ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவளிடம் அப்போதுதான் அதை நீட்டுகிறார்கள். கையெழுத்து விழுகிறது, சம்மதம் பெறப்படவில்லை.

சினைப்பையும் சேர்ந்து போனால்

கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுப்பதற்குத் தனியாகக் காரணம் வேண்டும், தனியாகச் சம்மதமும் வேண்டும். ‘கையோடு எடுத்துவிட்டோம்’ என்பது காரணம் ஆகாது. 35 வயதில் இரண்டு சினைப்பைகளும் போனால், இயல்பாகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வர வேண்டிய மெனோபாஸ் மறுநாளே வந்துவிடுகிறது. உடல் கொதிப்பு, தூக்கமின்மை, மனச்சோர்வு, தாம்பத்தியத்தில் வலி ஆகியவை வெளியே தெரிபவை. எலும்பு மெலிவதும் இதய நோய்க்கான வாய்ப்பு கூடுவதும் தெரியாமல் நடப்பவை. இவ்வளவு இளம் வயதில் எடுக்க நேர்ந்தால், தடை ஏதும் இல்லாத பெண்களுக்கு ஹார்மோன் மாற்று சிகிச்சை தருவது வழக்கம். அந்தப் பேச்சே எழாமல் கால்சியம் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர். சினைப்பையை விட்டுவைத்தாலும் மெனோபாஸ் சில ஆண்டுகள் முன்கூட்டி வரலாம் என்பதையும் அவளிடம் சொல்ல வேண்டும்.

நியாயம் கேட்கும் வழி

முதல் வேலை, காகிதம். அனுமதிச் சீட்டு, சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, நர்ஸ் எழுதிய தினக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டும். மறக்காமல் கேட்க வேண்டியது பயாப்சி ரிப்போர்ட். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அதில் என்ன நோய் இருந்தது என்பதை அந்த ஒரு தாள் சொல்லிவிடும். ‘கேன்சர் வந்துடும்’ என்று சொல்லி எடுத்த உறுப்பில் நோயே இல்லை என்று அது சொன்னால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். டாக்டரின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒருகாலத்தில் தீர்ப்பளித்திருந்தது. 1995 நவம்பரில் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து, கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை சட்டத்துக்குள் வரும் என்றது. கட்டணத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி கட்டியிருந்தாலும் வழக்குத் தொடரலாம். எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்தில் வராது. அங்கே பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டும். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வேண்டுமென்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100 என்ற எண்ணிலோ கேட்கலாம்.

மூன்றாவது, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில். இழப்பீடு தரும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆனால் டாக்டரின் நடத்தையை விசாரித்து, பதிவை நிறுத்திவைக்கும் அதிகாரம் உண்டு.

இதற்கெல்லாம் முன்பு, இன்னொரு மருத்துவமனையில் உடலைக் காட்டுங்கள். வழக்கு காத்திருக்கும், சிறுநீரகம் காத்திருக்காது.

ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

• எனக்கு இருக்கும் நோயின் பெயர் என்ன? எந்தச் சோதனை அதை உறுதி செய்தது?
• ரத்தப்போக்கைக் குறைக்கும் மாத்திரை, காப்பர் டி போலவே உள்ளே வைக்கும், ஹார்மோன் வெளியிடும் சாதனம், கர்ப்பப்பை உட்சுவரை மட்டும் நீக்கும் சிகிச்சை, கட்டியை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் ஆகியவை எனக்குப் பொருந்தாதா? ஏன்?
• பாப் ஸ்மியர், பயாப்சி எடுத்துப் பார்த்தீர்களா?
• சினைப்பையை விட்டுவைப்பீர்களா?
• என் உடல்நிலையில் சிறுநீர்ப்பை, குழாய், குடல் காயத்துக்கு வாய்ப்பு எவ்வளவு? நேர்ந்தால் இங்கே சரிசெய்ய யூராலஜிஸ்ட் இருக்கிறாரா?
• ஒரு மாதம் தள்ளிப்போட்டு வேறு டாக்டரிடமும் கேட்டால் ஆபத்தா?

வீடு திரும்பிய பின் உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

• அறியாமல் நீர் கசிவது, சிறுநீர் குறைவது அல்லது வராமல் போவது
• 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், விலாப்பக்க வலி
• வயிறு உப்பி வாந்தி எடுப்பது
• மணிக்கு ஒரு நாப்கின் நனையும் ரத்தப்போக்கு, துர்நாற்றம்
• ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி

அரசு செய்ய வேண்டியது

உச்ச நீதிமன்றம் சொன்ன குழுக்கள் காகிதத்தில் இருந்தால் போதாது. எந்த மருத்துவமனையில், எந்த வயதுப் பெண்களுக்கு, என்ன காரணத்துக்காக எத்தனை ஆபரேஷன் நடந்தது என்ற கணக்கை மாவட்டம்தோறும் ஆண்டுக்கு ஒருமுறை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் 40 வயதுக்கு உட்பட்ட பெண்ணுக்கு அனுமதி கேட்டால், மாற்றுச் சிகிச்சை முயன்றதற்கான பதிவும் இன்னொரு டாக்டரின் கருத்தும் இணைக்கப்பட வேண்டும். பணம் பட்டுவாடா ஆகும் முன் பயாப்சி ரிப்போர்ட் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். சம்மதப் படிவமும் டிஸ்சார்ஜ் சீட்டும் தமிழில் இருக்க வேண்டும். வீடு திரும்பிய பெண்ணை முதல் இரண்டு வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியர் ஒருமுறை பார்த்து, மேலே சொன்ன அறிகுறிகள் உண்டா என்று கேட்க வேண்டும். பிரசவமான பெண்ணைத் தேடி வீட்டுக்குப் போகும் நம் செவிலியர்களுக்கு இது புதிய வேலை அல்ல.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, பெரிய பணமும் வேண்டியதில்லை. நேர்மையாகச் சிகிச்சை செய்யும் டாக்டர்களுக்கு இதனால் இழப்பு எதுவுமில்லை. அவர்கள் எழுதிவைத்த குறிப்பே அவர்களுக்குக் கவசம். நாற்பது வயதில் உடம்புக்கு முடியாமல் வந்து நிற்கும் பெண் நம் வீட்டுச் சமையலையும் வயலையும் தறியையும் தாங்குபவள். அவள் உடம்பில் என்ன செய்யப் போகிறோம் என்று அவளிடமே சொல்லிவிட்டுச் செய்வதும், செய்த பிறகு ‘வலிக்கிறது’ என்று அவள் சொன்னால் அன்றே சோதித்துப் பார்ப்பதும் மருத்துவத்தின் முதல் கடமை. அதைச் செய்யாத மருத்துவமனையை நாம் கேள்வி கேட்கத்தான் வேண்டும்.